துக்க வீட்டிலிருந்து கூட வந்தவள்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் என்று பயமுறுத்திவிட்டுக் கடைசியில் எல்லாம் கனவு என்று கைகழுவுகிற ஆள் நான் இல்லை. அந்த மாதிரிக் கதைகளைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இது பரமேஸ்வரன் அண்ணனுக்கு நடந்தது. நானும் அவரும் போர்ட் கிள்ளானில் இருபது வருடத்துக்கு மேல் கொண்டெய்னர் லோரி ஓட்டியவர்கள். அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. ரோட்டில் போலீஸ்காரர் நிறுத்தினால், அவர் கேட்காத தப்பையும் சேர்த்து ஒப்புக்கொண்டு சம்மன் வாங்கி வருவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் என் எதிரே உட்கார்ந்து, கோப்பி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. வீட்டில் தனியாக இருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுத்து, ஆள் வந்த பிறகு படியுங்கள்.

அண்ணனுக்கு எழுபத்து மூன்று வயது. மனைவி லெட்சுமி அக்காவுக்கு நாலு வயது குறைவு. கிள்ளானில் மகன் சுகுமாறன் வீட்டில் இருக்கிறார்கள். இரண்டு வருடமாக அக்காவுக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. முதலில் சாவி, மூக்குக்கண்ணாடி. அப்புறம் தேதி, கிழமை. அப்புறம் பேரப்பிள்ளைகளின் பெயர். ஒரு நாள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, போட்டிருந்த நைட்டியோடு மெயின் ரோடு வரை நடந்து போய்விட்டார். லோரிகள் பறக்கிற ரோடு. மருமகள் வாணி வேலையிலிருந்து ஓடி வந்து, காலில் செருப்பில்லாமல் தேடிப் பிடித்தாள்.

வாணியை யாரும் குறை சொல்லாதீர்கள். பெற்ற மகளைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டாள். ஆனால் அவளும் ஷிப்ட் வேலை, சுகுமாறனும் ஷிப்ட் வேலை. எத்தனை நாளைக்குத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பது? இரண்டு பேரும் கூடிப் பேசி, காப்பார் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சுத்தமான, நல்ல இடம்தான். ஒரே ஒரு சங்கடம். அங்கே பெண்களை மட்டும்தான் சேர்த்துக்கொள்வார்கள்.

அண்ணனுக்கு இடி விழுந்தது போல் ஆகிவிட்டது. கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருடம். "அவ பக்கத்துல படுத்திருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும் வாசு," என்று என்னிடம் சொன்னார். அந்த வயதில் அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாகவும் இல்லை, கேட்க எனக்குச் சிரிப்பாகவும் இல்லை.

மகனிடம் கெஞ்சினார். "ஸ்கூல் லீவுல எல்லாரும் ஒரு ட்ரிப் போவோம்பா. நாலு ஊரைப் பாத்தா அம்மா தெளிஞ்சிடுவா. அதுக்கப்புறம் முடிவு பண்ணுங்க."

சுகுமாறன் ரொம்ப நேரம் யோசித்தான். "சரிப்பா. ஆனா திரும்பி வந்த மறுநாள் அவங்களுக்குப் பதில் சொல்லியாகணும். இடம் காத்திருக்காது."

இப்படித்தான் அந்தப் பயணம் கிளம்பியது. ஏழு பேர் உட்காரும் காரில் ஆறு பேர். முன்னால் சுகுமாறனும் வாணியும். நடுவில் அண்ணன், அக்கா, பேரன் தர்வின். கடைசி சீட்டில் பேத்தி சிந்துஜாவும் பேக்குகளும். சிந்துஜாவுக்குப் பன்னிரண்டு வயது, தர்வினுக்குப் பத்து. தைப்பிங், பினாங்கு, சுங்கை பட்டாணி, ஈப்போ என்று ஒரு வாரம் சுற்றினார்கள்.

மற்றவர்கள் ஊரைப் பார்த்தார்கள். அண்ணன் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஹோட்டலில் இரவு கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு அதில் உட்கார்ந்தபடியே கண்ணயர்வார். காலையில் பசியாறப் போவதற்கு முன்னால் பாடம் நடத்துவார். பெரியவள் சிந்துஜா, சின்னவன் தர்வின், எங்கே சொல்லு பார்ப்போம். அக்காவும் நல்ல பிள்ளையாகச் சொல்வார். பத்து நிமிடத்தில் மறந்துவிடும். பினாங்கில் சாப்பாட்டுக் கடைப் பையனிடம், "எங்கம்மா வந்துட்டாங்களா?" என்று அக்கா கேட்டபோது, அண்ணன் அதைப் பெரிய ஜோக் மாதிரி ஆக்கி விழுந்து விழுந்து சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் மட்டும் பாத்ரூமுக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினார்.

கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை. தெற்கே இறங்கி வருகிறார்கள். ரவாங் தாண்டியதும் வாணி சொன்னாள்.

"போற வழிதானே மாமா. அமுதவள்ளி சின்னம்மா வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிச்சிட்டுப் போயிடலாம்."

அமுதவள்ளி, லெட்சுமி அக்காவுக்குத் தங்கை முறை. சொந்தச் சின்னம்மாவின் மகள். பத்துமலைப் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீட்டில் தனியாக இருந்தவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சொந்தம் என்று ஏழெட்டுக் குடும்பம் இதே கோலாலம்பூரைச் சுற்றித்தான் இருக்கிறது. எட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. பத்து நாளைக்கு முன்னால் இறந்துபோனார். போனது யாருக்குத் தெரியும்? மூன்று நாள் கழித்துத்தான் பக்கத்து வீட்டு உஷாராணி ஆளைக் கூப்பிட்டுக் கதவை உடைத்தாள். எடுத்துப்போட்டதும் அக்கம்பக்கத்து ஆட்கள்தான்.

வீடு துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. ஹாலில் படம். படத்துக்கு முன்னால் விளக்கு, ஒரு கிளாஸ் தண்ணீர். பதினாறாம் நாள் வரைக்கும் சாயங்காலமானால் உஷாராணிதான் வந்து விளக்கேற்றுகிறாளாம்.

"உங்களையெல்லாம் பத்திப் பேசிட்டே இருப்பாங்க ஆன்டி," என்றாள் அவள், அக்காவைப் பார்த்து. "யாராச்சும் வர மாட்டாங்களா, கூப்பிட மாட்டாங்களான்னு."



துக்க வீட்டிலிருந்து எப்படிக் கிளம்ப வேண்டும் என்று நம் ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சொல்லிக்கொள்ளக் கூடாது. 'போயிட்டு வரேன்' என்ற பேச்சே கூடாது. யாரையும் 'வா' என்று அழைக்கவும் கூடாது. வாயை மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், நடையைக் கட்ட வேண்டியதுதான். பிள்ளைகளுக்குக்கூட வாணி காரிலேயே சொல்லித்தான் இறக்கினாள்.

மழை பிடித்துக்கொண்டது. சுகுமாறன் காரை வாசலுக்குக் கொண்டு வரப் போனான். வாணி குடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள். உஷாராணி பின்கட்டுக் கதவைச் சாத்தப் போனாள். ஹாலில் அண்ணனும் அக்காவும்தான்.

அக்கா நிலைப்படியில் நின்றார். திரும்பினார். யார் வீட்டுக்கோ விருந்துக்கு வந்தவர் மாதிரி சிரித்தார்.

"போயிட்டு வரேன் அமுதா."

அண்ணன் பதறி அவர் கையைப் பிடித்து இழுத்தார். அக்கா அசையவில்லை.

"ஏன் இப்படி ஒத்தையில கெடக்கற. எங்களோட வாயேன்."

உள்ளே விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. காற்றடிக்கவில்லை, அணையவில்லை, ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதே உஷாராணியிடம் சொல்லியிருக்கலாம். கற்பூரம் ஏற்றியோ, சாமியைக் கும்பிட்டோ, சொன்ன சொல்லைத் திருப்பி வாங்க ஏதாவது செய்திருப்பாள். ஆனால் சொன்னால் மகனுக்கும் மருமகளுக்கும் தெரியும். தான் நிற்பது துக்க வீடு என்பதே அம்மாவுக்குத் தெரியவில்லை என்று தெரியும். விடிந்தால் திங்கட்கிழமை. அண்ணன் வாயைத் திறக்கவில்லை. நல்லவேளை, யார் காதிலும் விழவில்லை என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது என்கிறார்.

கார் கிளம்பும்போது மணி ஐந்தே முக்கால்.

டிங்... டிங்... டிங்...

சீட் பெல்ட் போடாவிட்டால் கார் சத்தம் கொடுக்குமே, அது. சுகுமாறன் குனிந்து பார்த்தான். கடைசி வரிசையில் இடது பக்க சீட்டுக்குச் சிவப்பு விளக்கு. சிந்துஜா உட்கார்ந்திருந்தது வலது பக்கம், பெல்ட்டும் போட்டிருந்தாள்.

"பேக் சீட்டு மேல இருக்கா பாரு. கீழ எறக்கி வை," என்றாள் வாணி.

சிந்துஜா இறக்கி வைத்தாள். காலி சீட்.

டிங்... டிங்... டிங்...

"சென்சார் கெட்டுப்போச்சு போல," என்றான் சுகுமாறன்.

அக்கா தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பினார். "பெல்ட்ட போட்டுக்க அமுதா. போலீஸ்காரன் புடிப்பான்."

டிங்...

நின்றுவிட்டது.

வாணி மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வை அண்ணனுக்குத் தெரியும். பினாங்கிலும் அதைப் பார்த்திருக்கிறார். சட்டென்று சிரித்தார். "சிந்துவத்தான் சொல்றா. இப்ப அந்த வீட்லேருந்து வந்தமா, அந்தப் பேரு வாயில நிக்குது."

வாணி முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்து நிமிடம் போயிருக்கும். பின்னாலிருந்து சிந்துஜா முனகினாள். "தாத்தா, இங்க ரொம்ப குளுருது. ஏர்கோனக் கொறைக்கச் சொல்லுங்களேன்."

"அங்க ஏர்கோனே மூடித்தான்மா இருக்கு," என்றார் அண்ணன்.

"அப்ப யாரு தைலம் தேச்சிருக்கா? வாடை தாங்கல. நான் முன்னால வரேன்."

பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சீட்டைத் தாண்டிக் குதித்து வந்து தாத்தாவுக்கும் தம்பிக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் கை ஐஸ்பெட்டியில் இருந்தது போல் சில்லிட்டிருந்தது. கடைசி வரிசையில் இப்போது பேக்குகள் மட்டும்தான்.

லோரிக்காரனுக்கு ஒன்று தெரியும். பின்னால் எவ்வளவு கனம் ஏறியிருக்கிறது என்பதை அவன் முதுகே சொல்லிவிடும். பிள்ளை முன்னால் வந்த பிறகும் காரின் பின்பக்கம் எழும்பவில்லை. மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் ஆள் உட்கார்ந்த வண்டி மாதிரியே தாழ்ந்து அழுந்தியது.

"பின் டயர்ல காத்து கம்மியாப்பா?" என்று சுகுமாறனே கேட்டான்.

"இல்லப்பா. சரியாத்தான் இருக்கு," என்றார் அண்ணன்.

ஃபெடரல் ஹைவேயில் ஏறியதும் ஜேம். எங்கோ தண்ணீர் ஏறிவிட்டதாம். கார்கள் நின்று நின்று நகர்ந்தன. மழையில் கண்ணாடி முழுக்கச் சிவப்பு விளக்குகள். தர்வின் தூங்கிப்போனான்.

அக்கா பேச ஆரம்பித்தார்.

சும்மா புலம்பல் இல்லை. தெளிவான பேச்சு. பிரிக்ஃபீல்ட்ஸில் சின்ன வயதில் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ், எதிர்வீட்டுப் பெண், அவள் யாரோடோ ஓடிப்போனது, அதற்கு அவள் அப்பா போட்ட சத்தம். அக்கா கிண்டலாகப் பேசி அண்ணன் கேட்டு எத்தனை நாளாயிற்று. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா ஒன்று சொல்வார்... நிறுத்துவார்... 'ஆமா ஆமா' என்று தலையாட்டுவார்... சிரிப்பார். மறுபடி பேசுவார்.

வாணி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தாள். அண்ணன், அக்கா தன்னோடுதான் பேசுகிறார் என்று காட்ட, இடையிடையே "அப்படியா," "அப்புறம்?" என்று போட்டார்.

அக்கா முகம் சுளித்தார். "நீங்க ஏன் குறுக்க பேசறீங்க. அவ சொல்லி முடிக்கட்டும்."

அண்ணன் அப்போதுதான் திரும்பினார். அதுவரை திரும்பத் தைரியம் வரவில்லை.

கடைசி வரிசை. இடது பக்க சீட். யாரும் இல்லை.

பெல்ட் மாட்டியிருந்தது.

வெறும் சீட்டில் மாட்டினால் பெல்ட் முதுகுத் துணியோடு ஒட்டிக் கிடக்கும். இது ஒட்டவில்லை. ஒரு சாண் முன்னால் தள்ளி, அந்தரத்தில் வளைந்து நின்றது.

மெல்ல ஏறியது... இறங்கியது.

ஏறியது... இறங்கியது.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அது அசையாமல் நின்றுவிட்டது. பார்க்கிறார் என்று தெரிந்து மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி.

அண்ணன் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். கத்தியிருக்கலாம். காரை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? அம்மா யாருடனோ பேசுகிறாள், எனக்கும் அது தெரிகிறது என்றா? அக்காவைக் காப்பாரில் விட்டுவிட்டு, இவருக்கு வேறொரு இடம் பார்ப்பார்கள். பேத்தியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டார்.

அந்த நேரம் பார்த்து வாணி திரும்பி உட்கார்ந்தாள். குரலில் அன்பு இருந்தது. சோதனையும் இருந்தது.

"அத்தை, இன்னிக்கு என்ன கிழமை?"

ஒரு வாரமாக அண்ணன் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான்.

அக்கா தலையைப் பின்பக்கம் லேசாகச் சாய்த்தார். யாரோ காதில் சொல்வதைக் கேட்பது போல. "ஞாயித்துக்கிழமை."

வாணிக்கு ஆச்சரியம். "பிள்ளைங்க பேரு?"

தலை சாய்ந்தது. "சிந்துஜா. தர்வின். ஏன், உனக்கு மறந்துபோச்சா?"

சுகுமாறன் சிரித்துவிட்டான்.

"என் கல்யாணத்துல நான் என்ன சேலை கட்டியிருந்தேன், சொல்லுங்க."

"அரக்குப் பட்டு. முந்தானையில கோப்பிய ஊத்திக்கிட்டு மூக்கச் சிந்திட்டு நின்ன. அமுதாதானே தொடைச்சுவிட்டா."

வாணிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆமா அத்தை. அவங்கதான் தொடைச்சுவிட்டாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரி, நேத்து எந்த ஹோட்டல்ல தங்கினோம்?"

தலை சாய்ந்தது. கொஞ்ச நேரம் ஆயிற்று. அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

"அது அவளுக்குத் தெரியாதாம்."

வாணியோ வாய்விட்டுச் சிரித்தாள். "எனக்கே பேரு ஞாபகம் இல்லத்தை."

முன்னால் இரண்டு பேரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். மழைச் சத்தத்திலும் அண்ணனுக்குக் கேட்டது. "நாளைக்குப் போன் பண்ணி, இப்ப வேணாம்னு சொல்லிடலாமா?" என்றான் சுகுமாறன். "ம்," என்றாள் வாணி.

கேட்க வேண்டும் என்று தவம் கிடந்த வார்த்தை. கேட்டுவிட்டார். முதுகுக்குப் பின்னால் சில்லென்ற காற்று ஊதிக்கொண்டிருந்தது.

கிள்ளானில் வீட்டு வாசலில் கார் நின்றபோது மணி எட்டு பத்து. மழை தூறலாகிவிட்டது. துக்க வீட்டுக்குப் போய்வந்த காலோடு உள்ளே நுழையக் கூடாது. வாணி பக்கத்து வீட்டில் மஞ்சள் தூள் வாங்கி, போர்ச் குழாயில் வாளித் தண்ணீர் பிடித்துக் கரைத்து வைத்தாள். ஒவ்வொருவராகக் கால் கழுவித் தலையில் தெளித்துக்கொண்டு உள்ளே போனார்கள். சுகுமாறன் தூங்கும் மகனைத் தூக்கிக்கொண்டு போனான்.

வெளியே அண்ணன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கார்க் கதவு திறந்து கிடந்தது.

"காலைக் கழுவு லெட்சுமி."

"அவ எறங்க மாட்டேங்கறா."

"யாரு?" தெரிந்துகொண்டேதான் கேட்டார்.

"வீட்டுப் பெரியவரு கூப்பிட்டாத்தான் வருவாளாம். நான் கூப்பிட்டா பத்தாதாம்."

"வேணாம்மா. அவ வீட்டுக்கு அவ போகட்டும்."

"போயிட்டா எல்லாம் போயிடுமே," என்றார் அக்கா. குரல் தேய்ந்துகொண்டே வந்தது. விளக்கு எரியும் வீட்டை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் அந்தப் பழைய வெறித்த பார்வை.

"இது... யாரு வீடு?"

உள்ளிருந்து வாணி வரும் சத்தம் கேட்டது. "மாமா? அத்தை ஏன் இன்னும் வெளிய நிக்கிறாங்க?"

இரண்டு எட்டு வைத்தால் வாசலுக்கு வந்துவிடுவாள். இன்னும் ஒரு கேள்வி கேட்டால் போதும்.

காலையில் காப்பார்.

காலிக் கட்டில்.

அண்ணன் காரின் இருட்டைப் பார்த்தார்.

"வா," என்றார்.

டக்...

பெல்ட் கழலும் சத்தம்.

காரின் பின்பக்கம் மெல்ல எழும்பி நின்றது.

அவர் பிடித்திருந்த கை விலகியது. பயணம் முழுக்க அவர் கையைப் பிடித்தபடியே நடந்த அக்கா, நிமிர்ந்து, தனியாக உள்ளே நடந்து போனார். மஞ்சள் தண்ணீர் வாளி வழியில் இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனார். கால் கழுவவில்லை.

அதையும் அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை.

இல்லத்துக்கு யாரும் போகவில்லை. அக்கா தேறிவிட்டார். கிழமை தெரிகிறது, தேதி தெரிகிறது, சமையல் செய்கிறார். டாக்டரே ஆச்சரியப்பட்டாராம். மகனுக்கும் மருமகளுக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். நான்கூட ஒரு நாள் போய் அக்கா கையால் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்தேன். ருசி வேறு மாதிரி இருந்தது. நாக்குக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணனுக்கு மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. அவர் குடிப்பது சீனி போடாத கறுப்புக் கோப்பி. அக்காவுக்குத் தன் பெயரே மறந்துபோன நாளில்கூட அந்தக் கோப்பி தப்பியதில்லை. அன்று காலை அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"உங்களுக்குச் சீனி எத்தன கரண்டி?"

அன்றிலிருந்து இரவில் அவருக்குத் தூக்கம் இல்லை. பக்கத்தில் ஆள் படுத்திருக்கிறது. அந்தக் கட்டிலுக்குப் பழக்கமில்லாத ஆள் மாதிரி, ஓரத்தில், மல்லாந்து. மூச்சு ஏறி இறங்குகிறது. அவர் திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுகிறது.

பதினாறாம் நாள் கழிந்து ஒரு மாதம் இருக்கும். உஷாராணி போன் செய்தாள். பத்துமலை வீட்டைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்தாகிவிட்டதாம். அதைச் சொல்லிவிட்டும் போனை வைக்காமல் தயங்கினாள்.

"அங்கிள், தப்பா நினைக்காதீங்க. ஆன்டி வீட்லதானே இருக்காங்க?"

"இருக்கா. அடுப்படியில."



"அப்படின்னா இந்தப் பூட்டுன வீட்டுக்குள்ள... சாயங்காலமானா ஜன்னல்ல நிக்கிறது யாரு அங்கிள்? ஆன்டி மாதிரியேதான் இருக்கு. வீட்டுக்காரரு வண்டி எடுக்கப் போயிருக்காரு, இப்ப வந்துடுவாருன்னு சொல்லிக்கிட்டே நிக்குது."

இதைத்தான் அவர் கிள்ளான் ரயில் நிலையத்துக்கு எதிர்க் கடையில் வைத்து என்னிடம் சொன்னார். தினமும் மத்தியானம் கமூட்டர் ரயில் ஏறி, கோலாலம்பூர் சென்ட்ரலில் மாறி, பத்துமலை போய் வருகிறார். கோயிலுக்குப் போகிறார் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பூட்டிய கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறார். இருட்டுவதற்குள் கிள்ளானுக்குத் திரும்பியாக வேண்டும். வீட்டில் இருப்பவளுக்குத் தனியாக இருந்தால் பிடிக்காதாம்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அப்புறம் என்னண்ணே? அங்க இருக்கறதுதான் அக்கான்னா, அன்னிக்கு மாதிரி ஒரு வா சொல்லிக் கூட்டிட்டு வந்துட வேண்டியதுதானே?"

"கூப்பிடாம இருப்பனா வாசு? தெனமும் கூப்பிடறேன்."

ஆறிய கோப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஜன்னல்கிட்ட வந்து என் மூஞ்சிய நல்லாப் பாக்கறா. 'ஐயா, நீங்க யாரு? தெரியாதவங்களோட நான் வர மாட்டேன், என் வீட்டுக்காரரு வருவாரு'ங்கறா."